பழைய அம்பாசடரின் தகடு: தேய்ப்பதா, மணல் அடிப்பதா, தொட்டியில் முக்குவதா?

பழைய அம்பாசடரை முழு பெயிண்டுக்கு விடுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயம்தான் பேசுவார்கள்: என்ன கலர், எவ்வளவு ஆகும். தகட்டை எப்படிச் சுத்தம் செய்யப் போகிறீர்கள் என்று கேட்பவர் குறைவு. கேட்டாலும், "எல்லாத்தையும் உரிச்சிட்டு பண்ணிடலாம் சார்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும். பழைய பெயிண்டை உரிப்பது ஒரு வேலை. தகட்டைச் சுத்தம் செய்வது வேறு வேலை. தகடு பளிச்சென்று வெள்ளியாகத் தெரிந்த பிறகும் அதன் மேல் உப்பும் சிலிக்கானும் ஆசிட் மிச்சமும் உட்கார்ந்திருக்கலாம். ஒரு வருடத்துக்குள் கதவின் அடி விளிம்பில் கொப்புளம் கிளம்பும்போது பெயிண்ட் கம்பெனியைத் திட்டுவோம். பெரும்பாலும் அவர்கள் மேல் தப்பு இருக்காது.

எந்த வழியில் சுத்தம் செய்வது என்பதைப் பொதுவாகப் பேசினால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் ஒரு குறிப்பிட்ட நிலைமையை எடுத்துக்கொள்கிறேன்: சென்னையில் கடல் காற்று படும் இடத்தில் பல வருடம் நின்ற மார்க் 2 அல்லது மார்க் 3 அம்பாசடர். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ஐ ஒட்டி வங்காளத்தின் உத்தர்பாராவில் செய்யப்பட்ட இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. தரைத் தகடு, கதவுகளுக்குக் கீழே பெட்டி மாதிரி ஓடும் சில், தூண்கள் எல்லாம் சேர்ந்துதான் எடையைத் தாங்குகின்றன. எனவே மூடிய அறைகளும் மடிப்புகளும் நிறைய. அவற்றுக்குள் போனது எதுவும் சுலபத்தில் வெளியே வராது.

இன்னொன்று, இந்த வயது வண்டிகள் பலமுறை பெயிண்ட் பார்த்தவை. அடியில் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பட்டி, அதன் மேல் சிந்தெடிக் எனாமல், அதற்கும் மேல் யாரோ அவசரமாக அடித்த பியூ (பாலியூரித்தேன்) என்று அடுக்கடுக்காக இருக்கும். சிந்தெடிக் எனாமல் மேல் 2கே பெயிண்ட் (ஹார்டனர் கலந்து அடிக்கும் இரண்டு பாகப் பெயிண்ட்) அடித்தால் அதிலுள்ள தின்னர் பழைய எனாமலைச் சுருக்கிக் கிளப்பிவிடும். அதனால் தகடு வரை இறங்குவதா வேண்டாமா என்ற கேள்வி இங்கே இல்லை. எப்படி இறங்குவது என்பதுதான் கேள்வி.

தகட்டில் இருப்பது என்ன

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் எதிரி யார் என்று தெரிய வேண்டும். துரு கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் அதை எல்லோரும் கவனிப்பார்கள். தொல்லை தருவது மற்றவை.

முதலில் எண்ணெய் வகை. நம் ஊரில் வண்டியின் அடியில் துரு பிடிக்காமலிருக்க டீசலோ பழைய இன்ஜின் ஆயிலோ அடிக்கும் பழக்கம் ரொம்ப காலம் இருந்தது. அந்த எண்ணெய் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் ஊறிக் கிடக்கும். மேலே தார் கலந்த அண்டர்கோட் வேறு. இவை மண்ணெண்ணெய்க்கோ தின்னருக்கோ கரைந்துவிடும். ஆனால் மண்ணெண்ணெய் தானே ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுப் போகும். என்சி தின்னரோ நாம் துடைத்து எடுப்பதற்கு முன்பே ஆவியாகி, கரைத்த அழுக்கை அதே இடத்தில் பரப்பிவிடும். பிரேக் ஆயில் சிந்திய இடம் இதற்கு நேர்மாறு. அது தண்ணீரில் கரையும் கிளைகால் வகை. மண்ணெண்ணெயால் எவ்வளவு துடைத்தாலும் முழுசாகப் போகாது, சோப்புத் தண்ணீருக்குப் போய்விடும். எல்லாவற்றுக்கும் ஒரே தின்னர் டப்பாவை எடுப்பது நம் பட்டறைகளின் பெரிய பலவீனம்.

சிலிக்கான் தனி ரகம். டாஷ்போர்டுக்கும் டயருக்கும் போடுகிற பாலிஷில் இருந்து வரும். அதன் மேற்பரப்பு இழுவிசை மிகவும் குறைவு என்பதால் பெயிண்ட் அந்த இடத்தை விட்டு ஒதுங்கி வட்டப் பள்ளமாக நிற்கும்; பெயிண்டர்கள் ஃபிஷ் ஐ என்பது இதைத்தான். அதிகம் யோசிக்கப்படாத ஒரு வழியிலும் இது வண்டிக்கு வந்து சேர்கிறது: பனியன் வேஸ்ட். பின்னலாடைத் துணி மென்மையாக இருக்க சிலிக்கான் சாஃப்ட்னர் போடுவது ஆலைகளில் சகஜம். அந்தத் துண்டுத் துணியை எடுத்துத் தகட்டைத் துடைத்தால் சுத்தம் செய்வதாக நினைத்துக்கொண்டே சிலிக்கானைத் தடவுகிறோம். பஞ்சுநூல் உதிராத, பெயிண்ட் வேலைக்கென்றே விற்கும் துடைப்புத் தாள் கொஞ்சம் விலை கூட. இந்த ஒரு செலவில் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுத்தது உப்பு. கடற்கரை வண்டியில் உண்மையான வில்லன் இதுதான். துருவின் அடியில், குண்டூசித் தலை அளவுப் பள்ளங்களுக்குள், குளோரைடு உட்கார்ந்திருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், இரும்பை அரிக்கும், அரித்து முடித்த பிறகும் தீர்ந்துபோகாமல் மறுபடி அரிக்கத் தயாராக நிற்கும். மேலே பெயிண்ட் அடித்து மூடினாலும் பெயிண்ட் படலம் வழியாக ஈரம் மெதுவாக உள்ளே போகும், உப்பு அதைப் பிடித்து வைக்கும், கொப்புளம் எழும். தின்னருக்கு உப்பு கரையாது. மணல் அடித்தாலும் முழுசாகப் போகாது. தண்ணீருக்கு மட்டும்தான் கரையும். துருப்பிடிக்கும் என்று பயந்து தகட்டுப் பக்கம் தண்ணீரே கொண்டுபோகாத பட்டறையில் இந்தப் பிரச்சினை தீராது. கப்பல்களிலும் எண்ணெய்த் தொட்டிகளிலும் பெயிண்ட் அடிக்கும் முன் தகட்டில் எவ்வளவு உப்பு மிச்சம் என்று அளக்க பிரெஸ்லே பட்டை என்ற சோதனையே வைத்திருக்கிறார்கள். கார் பட்டறையில் அந்த அளவுக்கு யாரும் போவதில்லை.

மூன்றாவது, போன தடவை வேலை பார்த்தவர் விட்டுச் சென்றது: பேட்டரித் தட்டைச் சுற்றி ஆசிட், கழுவாமல் விட்ட காஸ்டிக், கக்கூஸ் கழுவும் ஆசிட்டால் துரு எடுத்த அடையாளம். இந்தக் கடைசிப் பழக்கத்தை யார் பரப்பினார்களோ தெரியாது. அது ஹைட்ரோகுளோரிக் ஆசிட். துருவை வேகமாகத் தின்னும், பதிலுக்குக் குளோரைடை நிரப்பிவிட்டுப் போகும். கடற்காற்றுக்கு இருபது வருடம் ஆகிற வேலையை அரை மணியில் முடித்துக் கொடுக்கும்.

கையால் தேய்ப்பது

எமரித் தாள், டிஏ சாண்டர் (சுழன்றுகொண்டே அதிரும் தேய்ப்பு மெஷின்), நைலான் ஸ்ட்ரிப் டிஸ்க். மெதுவான வழி, கூலி அதிகம், தூசி அதிகம். ஆனால் தகட்டை வளைக்காது, மடிப்புக்குள் எதையும் திணிக்காது, தண்ணீரோ ரசாயனமோ மிச்சம் வைக்காது. பானெட், கூரை, டிக்கி மூடி, கதவுகளின் வெளிமுகம் போன்ற பெரிய தட்டையான பகுதிகளுக்கு எனக்கு இதுதான் முதல் தேர்வு.

இதில் செய்யக்கூடாதது இரண்டு. சுத்தம் செய்யாமல் தேய்க்க ஆரம்பிப்பது முதலாவது. எண்ணெயும் சிலிக்கானும் மேலே இருக்கும்போதே தாளை வைத்தால் அவை கீறல்களுக்குள் போய் உட்காரும். முதலில் சோப்புத் தண்ணீர், காய்ந்ததும் மெழுகு-கிரீஸ் ரிமூவர், அப்புறம்தான் தாள். ரிமூவரையும் ஒரு துணியில் ஈரமாகத் தடவி, அது காய்வதற்குள் இன்னொரு உலர்ந்த துணியால் எடுக்க வேண்டும். ஒரு தடவைக்கு இரண்டடிக்கு மேல் போகக்கூடாது. இரண்டாவது, கிரைண்டரில் மாட்டும் கம்பி பிரஷ். துருப்பிடித்த இடத்தில் அதை ஓட்டினால் பளபளவென்று வரும், பார்க்க மனசுக்கு நிறைவாகவும் இருக்கும். உண்மையில் அது பள்ளங்களின் மேல் துருவையே மெருகேற்றி மூடுகிறது. பிரைமர் என்ற அடிப்பூச்சு பிடிப்பதற்கான சொரசொரப்பும் போய்விடுகிறது. கம்பி பிரஷ் போட்ட இடத்தை 80 அல்லது 120 நம்பர் தாளால் மறுபடி கீறியே ஆக வேண்டும்.

குழித்துருவுக்குக் கையால் தேய்ப்பது போதாது. பள்ளத்தின் அடி வரை தாள் போகாது, போகும் வரை தேய்த்தால் தகடு மிஞ்சாது.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். மஞ்சள், சிவப்பு நிறங்களில் குறிப்பாக. முகத்தில் கைக்குட்டை கட்டிக்கொண்டு தேய்ப்பது எந்தப் பாதுகாப்பும் இல்லை. ஈயத் தூசியைப் பிடிக்கிற வடிகட்டி வைத்த ரெஸ்பிரேட்டர் வேண்டும்.

பெயிண்ட் ரிமூவர்

தூசியே இல்லாமல் நாலு கோட் பெயிண்டைப் பத்து நிமிடத்தில் தோலாகக் கிளப்பிவிடும். ஈயப் பெயிண்டுக்கு ஒருவகையில் இதுவே நல்ல வழி. ஆனால் இது துருவைத் தொடாது, பாலியெஸ்டர் பட்டியையும் சரியாக எடுக்காது. பழைய மெத்திலீன் குளோரைடு ரகம் சீக்கிரம் ஆவியாகாமலிருக்க அதில் மெழுகு சேர்ப்பார்கள். பெயிண்டை எடுத்துவிட்டு மெழுகைத் தகட்டில் விட்டுவிட்டால் எங்கே தொடங்கினோமோ அங்கேயே நிற்கிறோம். மடிப்புகளுக்குள் புகுந்த ரிமூவர் புது பெயிண்ட் அடித்துச் சில வாரங்கள் கழித்து ஓரம் ஓரமாகப் பெயிண்டைக் கிளப்பும். இதைப் பயன்படுத்துவதென்றால் விளிம்புகளுக்கு ஓர் அங்குலம் முன்பே நிறுத்திவிட்டு மீதியைக் கையால் தேய்ப்பதே உத்தி.

மூடிய அறையில் மெத்திலீன் குளோரைடு ஆளைக் கொல்லும். உடலுக்குள் போனால் கார்பன் மோனாக்சைடாக மாறுகிற பொருள் அது. அமெரிக்காவில் 2019-இல் பொதுமக்களுக்கு இந்த வகை ரிமூவர் விற்பதைத் தடை செய்தார்கள். திறந்த வெளி, ரசாயனத்துக்கேற்ற கையுறை, கண்ணாடி இல்லாவிட்டால் இந்த வழியை மறந்துவிடலாம்.

மணல் அடிப்பது

அம்பாசடரின் தரை, சக்கர வளைவுகளின் உட்புறம், சஸ்பென்ஷன் மாட்டும் இடங்கள், கதவு நிலைகள், டிக்கியின் ஸ்பேர் வீல் பள்ளம் ஆகியவற்றுக்குக் கையால் ஒரு மாதம் தேய்த்தாலும் பிளாஸ்டிங் (காற்றழுத்தத்தில் மணல் மாதிரிப் பொடியை வீசி அடிப்பது) தருகிற சுத்தம் வராது. குழித்துருவின் அடி வரை போகிற ஒரே உலர் வழி இதுதான். ஓட்டை எங்கே, நிற்கும் தகடு எங்கே என்றும் உடனே தெரிந்துவிடும். சிலருக்கு அது அதிர்ச்சியாகவும் இருக்கும், பட்டிதான் இத்தனை நாள் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று.

எதை அடிக்கிறார்கள் என்று கேளுங்கள். ஆற்று மணலோ கடல் மணலோ என்றால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். சிலிக்கா தூசி அடிப்பவரின் நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். கழுவாத கடல் மணல் நாம் விரட்ட நினைக்கிற உப்பையே தகட்டில் பதிக்கும். கார்னெட் என்ற தாது மணல் நல்ல தேர்வு. நம் தென்கடற்கரையிலேயே விளைகிற பொருள். 2013-இல் மாநில அரசு தாது மணல் எடுப்பதை நிறுத்தியதற்கு முன்பு தூத்துக்குடிப் பக்கமிருந்து உலகெங்கும் போனது. அதிலும் கட்டுமான இரும்புக்கு அடிக்கும் பெரிய ரவை காருக்கு வேண்டாம். அது உண்டாக்கும் மேடுபள்ளத்தை மெல்லிய கார் பிரைமர் மூடாது. 80 மெஷ் மாதிரி பொடி ரகம் கேளுங்கள். ஒரே கார்னெட்டைத் திரும்பத் திரும்ப அள்ளி அடிக்கும் இடங்களில் முந்தின வேலையின் எண்ணெயும் உப்பும் நம் வண்டிக்கு வரும். கம்ப்ரசரில் எண்ணெய்-ஈர வடிகட்டி இல்லாவிட்டாலும் அதே கதை. காற்றை மட்டும் ஒரு வெள்ளைத் தாளில் ஒரு நிமிடம் அடித்துக் காட்டச் சொன்னால் தாளே சொல்லிவிடும்.

பெரிய தட்டையான பகுதிகளை இதற்குக் கொடுக்கக்கூடாது. அந்தக் காலத்து வெளித்தகடு 0.9 மில்லிமீட்டர் அளவுதான். கிர்டருக்கு வைக்கிற 7 கிலோ அழுத்தத்தில் பானெட்டை அடித்தால் ஒருபக்கத் தோல் மட்டும் சுத்தியலால் அடித்த மாதிரி விரிந்து, தகடு உப்பிக்கொள்ளும். சூட்டினால் வளைகிறது என்று பலர் சொல்வார்கள். முக்கியக் காரணம் இந்த அடிதான். அப்படி உப்பிய கூரையைச் சரிசெய்ய நல்ல டிங்கர் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் பட்டியால்தான் மூடுவார். அழுத்தத்தை 2, 3 கிலோவுக்குக் குறைத்துச் சாய்வாக அடிக்கத் தெரிந்தவர் என்றால் கதவின் உட்புறம் வரை கொடுக்கலாம்.

பேக்கிங் சோடா பிளாஸ்டிங் தகட்டை வளைக்காது, கண்ணாடியைக்கூடக் கீறாது. துருவையும் எடுக்காது. அடித்த பிறகு தங்கும் சோடாவை முழுசாகக் கழுவாவிட்டால் பிரைமர் பிடிக்காது. நம் வண்டிக்கு இது வேண்டாத செலவு. தண்ணீரோடு கலந்து அடிக்கும் வேப்பர் பிளாஸ்டிங் உப்பையும் சேர்த்து எடுக்கும் என்பதால் கடற்கரை வண்டிக்கு உலர் முறையைவிட மேல், கிடைத்தால்.

உலர் முறையில் அடித்தவர்களுக்கு ஒரு சோதனை. தரைத் தகட்டை அடித்து முடித்ததும் ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள். காலையில் தகடு முழுக்க லேசாகத் துருநிறம் ஏறியிருந்தால் அது காற்றின் ஈரம். பள்ளங்களில் மட்டும் கறுப்புப் புள்ளிகள் முளைத்திருந்தால் அது உப்பு. அப்போது தண்ணீரால் பீய்ச்சிக் கழுவி, உடனே காற்றடித்து உலர்த்தி, மறுபடி லேசாக அடிக்க வேண்டும். புள்ளி மறுநாளும் வந்தால் திரும்பவும் அதேதான். கழுவும் தண்ணீரும் முக்கியம். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் போர் தண்ணீரில் கழுவினால் உப்பை எடுப்பதற்குப் பதில் சேர்க்கிறோம். கடைசிக் கழுவலுக்கு ஆர்.ஓ. கேன் தண்ணீர் வாங்கிவிடலாம். வீட்டில் டிடிஎஸ் மீட்டர் (தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் கருவி) இருந்தால் தகட்டில் வழிந்த தண்ணீரைப் பிடித்து அளந்தும் பார்க்கலாம்: ஊற்றிய தண்ணீருக்கும் வழிந்ததற்கும் பெரிய வித்தியாசம் இருக்கும் வரை உப்பு இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

தொட்டியில் முக்குவது

ஐரோப்பாவில் முழு பாடியையும் ரசாயனத் தொட்டியில் இறக்கி, துருவும் பெயிண்டும் போன பின் எலெக்ட்ரோகோட் தொட்டியிலும் (மின்சாரத்தின் உதவியால் உள் அறைகள் வரை பிரைமர் ஏற்றும் தொட்டி) முக்கி எடுக்கும் நிறுவனங்கள் உண்டு. அந்த இரண்டாவது தொட்டி இருந்தால் மட்டுமே முதலாவதில் அர்த்தம் இருக்கிறது. சில்லுக்குள்ளும் தூண்களுக்குள்ளும் ஆசிட் புகுந்து பழைய பாதுகாப்பையெல்லாம் கழுவிவிடும். அங்கே மறுபடி பிரைமர் போகத் துப்பாக்கியால் முடியாது. எலெக்ட்ரோகோட் வசதி இல்லாத இடத்தில் முழு அம்பாசடர் பாடியையோ பிரீமியர் பத்மினி காரையோ முக்குவதற்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

கழற்றக்கூடிய உறுப்புகள் வேறு கதை. அம்பத்தூர், கிண்டி தொழிற்பேட்டைப் பக்கம் பவுடர் கோட்டிங் பட்டறைகளில் ஏழு தொட்டி முறை இருக்கிறது: எண்ணெய் எடுப்பது, கழுவுவது, துரு எடுப்பது, பாஸ்பேட் ஏற்றுவது என்று வரிசையாகப் போகும். வீல் டிஸ்க், பிராக்கெட், பேட்டரித் தட்டு, பம்பர் தாங்கி எல்லாம் அங்கே கொடுக்கலாம். மட்கார்டையும் கொடுக்கலாம், மடிப்பு குறைவு என்பதால். கதவு வேண்டாம், வெளித்தகடு உள்தகட்டின் மேல் மடிந்து நிற்கும் விளிம்புக்குள் ஆசிட் தங்கும். ஸ்பிரிங் இலைகளையும் கொடுக்காதீர்கள். ஆசிட்டில் வரும் ஹைட்ரஜன் கடின எஃகை நொறுங்க வைக்கும்.

இந்த விஷயத்தில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வண்டலூர் அருகே நம்ம ஊரிலேயே தயாரான அந்த வண்டிக்குத் தனி சேஸிஸ், மேல் பாடியும் போல்ட் போட்டு இணைத்த துண்டுகள். பிரித்தெடுத்து ஒவ்வொன்றுக்கும் ஏற்ற வழியைத் தேர்ந்தெடுக்கலாம். சேஸிஸை தைரியமாக மணல் அடிக்கலாம்.

சின்னச் சாமான்களுக்கு வீட்டிலேயே சிட்ரிக் ஆசிட் போதும். மொலாசஸ் கரைசலில் ஊறவைத்துத் துரு எடுப்பதும் வேலை செய்யும், ஆனால் வாரக்கணக்கில் ஆகும். நம் மாநிலத்தில் கொல்லைப்புறத்தில் ஒரு பீப்பாய் ஊறல் வைத்துக்கொண்டு போலீஸிடம் இது வீல் நட்டுக்காக என்று விளக்குவது கொஞ்சம் சிரமம்.

துரு கன்வெர்ட்டரும் பாஸ்பாரிக் ஆசிட்டும்

கடையில் விற்கும் கன்வெர்ட்டர்களில் டேனிக் ஆசிட்டோ பாஸ்பாரிக் ஆசிட்டோ இருக்கும். துருவைக் கறுப்பாக்கி நிலைப்படுத்தும். கை போகாத சில் உட்புறத்துக்கு இது சரி. வெளித்தகட்டில் பூசிவிட்டு அதன் மேல் பெயிண்ட் அடிப்பது தள்ளிப்போடுகிற வேலை. உப்பு அடியில் அப்படியேதான் இருக்கும்.

பாஸ்பாரிக் ஆசிட்டைத் துரு எடுக்கப் பயன்படுத்தினால் அது காய்வதற்குள் கழுவியாக வேண்டும். காய்ந்து வெண்பொடியாகிவிட்ட தகட்டில் எபாக்ஸி பிரைமர் (இரண்டு பாகம் கலந்து அடிக்கும் அடிப்பூச்சு) அடித்தால், அதை இறுக வைக்கும் அமீன் ஹார்டனரோடு ஆசிட் வினைபுரிந்து ஒட்டும் இடத்திலேயே பிரைமர் இறுகாமல் போகும். பல எபாக்ஸி தயாரிப்பாளர்கள் ஆசிட் பட்ட தகட்டில் அடிக்க வேண்டாம் என்றே எழுதியிருப்பார்கள். டப்பாவோடு வரும் தாளைப் படித்துவிடுங்கள்.

என் தேர்வு

இந்த அம்பாசடருக்கு ஒரே வழி என்று போகமாட்டேன். முதலில் வண்டியைப் பிரித்து, அடிப்புறத் தாரைச் சுரண்டி, வெந்நீரும் டிடர்ஜென்ட்டும் போட்டு முழுக்கக் கழுவுவேன். வெளித்தகடுகள் கைவேலை. தரை, சக்கர வளைவு, கதவு நிலை எல்லாம் பொடி கார்னெட், குறைந்த அழுத்தம், இடையே கேன் தண்ணீர்க் கழுவல். கழன்று வரும் சாமான்கள் ஏழு தொட்டிக்கு. துருவே இல்லாமல் பல கோட் பெயிண்ட் மட்டும் ஏறிய வண்டி, கோயம்புத்தூர் மாதிரி உள்நாட்டில் ஷெட்டுக்குள் நின்றது என்றால் பிளாஸ்டிங் செலவை மிச்சம் பிடித்து ரிமூவரும் தாளும் போதும் என்பேன்.

தகடு முடிந்ததா என்று பார்க்கச் சுத்தமான தண்ணீரை மேலே ஊற்றுங்கள். அரை நிமிடம் வரை ஒரே படலமாக நின்றால் எண்ணெய் இல்லை. முத்து முத்தாகப் பிரிந்தால் மறுபடி துடைக்க வேண்டும். இது எண்ணெயையும் சிலிக்கானையும் காட்டும், உப்பைக் காட்டாது. சோப்பு மிச்சம் இருந்தாலும் ஏமாற்றும். அதன் பிறகு தகட்டை வெறும் கையால் தொடாதீர்கள், வியர்வையிலும் உப்புதான்.

பிரைமருக்கு எபாக்ஸி. ரெட் ஆக்சைடு விலை மலிவு, ஆனால் அதன் மேல் 2கே ஏற்றினால் அடியில் எனாமல் இருந்த பழைய தொல்லையே திரும்ப வரும். ஆசிட் கலந்த எட்ச் பிரைமர் அலுமினியத்துக்கு நன்றாக இருக்கும். அதன் மேல் பாலியெஸ்டர் பட்டி வைக்கக்கூடாது, எபாக்ஸியும் பெரும்பாலும் ஒத்துவராது. தகட்டில் நேரடியாகப் பட்டி பாய்ச்சுவதுதான் நம் பட்டறை வழக்கம். பட்டி ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதால் எபாக்ஸிக்கு மேல் வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முணுமுணுப்பார்கள், ஆனால் செய்வார்கள்.

நாள் குறிக்கும்போது ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மற்ற மாதங்களிலும் காலை ஈரம் போன பிறகு பதினொரு மணிவாக்கில் கடைசித் துடைப்பை முடித்து, மாலைக் கடற்காற்று ஏறுவதற்குள் எபாக்ஸி அடித்துவிட வேண்டும். தகட்டின் சூடு பனிப்புள்ளியைவிடக் (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் சூடு) குறைந்தது 3 டிகிரி அதிகமாக இருக்க வேண்டும் என்பது தொழில் விதி. அதனால் முழு வண்டியையும் ஒரே நாளில் தகடாக்க வேண்டாம். உப்புச் சோதனைக்கு ராத்திரி விடும் தரைத் தகட்டைத் தவிர, அன்று பிரைமர் அடிக்க முடிகிற அளவுக்கு மட்டும் திறந்து, அதை மூடிவிட்டு, அடுத்த நாள் அடுத்த பகுதிக்குப் போகலாம். பிளாஸ்டிங் ஒரு ஊர்க்கோடியிலும் பெயிண்ட் பட்டறை இன்னொரு கோடியிலும் இருந்தால், லாரியில் ஏற்றுவதற்கு முன் அங்கேயே ஒரு கோட் எபாக்ஸி அடித்துத் தருவார்களா என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள்.